கோடை தொடங்கும்போது பூக்கும் தோட்டம்: புதிதாகச் செடி வைப்பவர்களுக்கு

கோடைக்கு முன்பாகச் செடி வாங்கப் போகிறவர்கள், நர்சரியில் அன்றைக்கு எது கொத்துக் கொத்தாகப் பூத்து நிற்கிறதோ அதைத்தான் பெரும்பாலும் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்த நேரத்தில் அப்படி நிற்பவை பிட்டூனியா, பேன்ஸி, டயாந்தஸ் போன்ற குளிர்காலப் பூக்கள். வெப்பமான ஊர்களில் அவற்றின் பருவம் முடியப்போகிறது என்பது பார்த்தால் தெரியாது. வெயில் ஏறிய சில வாரங்களில் செடி துவண்டு, இலை பழுத்து, போய்விடும். ‘எனக்குக் கைராசி இல்லை’ என்று வளர்த்தவர் முடிவு கட்டிவிடுவார். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வெயிலை விரும்பும் செடியாகப் பார்த்து எடுத்து, உச்சக் கோடை வருவதற்குள் வேர் பிடிக்க வைத்துவிட்டால், யார் வைத்தாலும் பூக்கும்.

கோடைத் தொடக்கம் என்று நான் சொல்வது, குளிர் விலகி, பகல் வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்ட ஆரம்பித்து, அனல் அடிக்கும் நாட்கள் வருவதற்கு முந்தைய ஆறேழு வாரங்களை. பகலில் நல்ல வெளிச்சம் இருக்கும், இரவு இன்னும் இதமாக இருக்கும். வேர் ஓடுவதற்கும் மொட்டு வைப்பதற்கும் இதைவிடத் தோதான காலம் இல்லை. பனி விழும் நாடுகளில் இருப்பவர்கள், கடைசி உறைபனி போய், இரவு வெப்பம் 12 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் வரும்வரை பொறுத்திருந்துவிட்டு இதே செடிகளை வைக்கலாம். செம்பருத்தி, மல்லிகை, காகிதப்பூ மூன்றும் அங்கே தொட்டியிலேயே இருக்கட்டும். குளிர் வரும்போது வீட்டுக்குள் எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் வெயிலைப் பாருங்கள்

செடி வாங்குவதற்கு முன் ஒரு விடுமுறை நாளில் காலை எட்டு மணி, பத்து மணி, நண்பகல், இரண்டு மணி, நான்கு மணி என ஐந்து முறை போய், செடி வைக்கப்போகும் இடத்தைப் பாருங்கள். எந்தெந்த நேரத்தில் நேரடி வெயில் விழுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஆறு மணி நேரம் வந்தால் கோடைப் பூக்கள் எல்லாவற்றையும் வைக்கலாம். மூன்று, நான்கு மணி நேரம்தான் என்றால் இட்லிப்பூ, நித்யகல்யாணி போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவை கொஞ்சம் குறைவாகப் பூத்தாலும் ஏமாற்றாது.

காலை வெயிலும் மாலை வெயிலும் ஒன்றல்ல. மேற்குப் பார்த்த சுவரை ஒட்டிய இடத்தில் வெயிலோடு சுவரின் சூடும் சேர்ந்து தாக்கும். பொழுது சாய்ந்த பிறகும் அந்தச் சுவர் தகிக்கும். அங்கே காகிதப்பூவும் அரளியும் தாங்கும். மற்றவற்றைக் கிழக்கு வெயில் கிடைக்கும் பக்கம் வையுங்கள்.

எந்தச் செடி?

முதல் கோடைக்கு நான்கு செடி போதும் என்பது என் கருத்து. பத்து மணிப்பூ, சினியா, செம்பருத்தி, குண்டுமல்லி. ஆசையில் இருபது தொட்டி வாங்கி அடுக்கினால், எந்தச் செடிக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே பாதி போய்விடும்.

பத்து மணிப்பூவை டேபிள் ரோஸ் என்றும் சொல்வார்கள். தென் அமெரிக்கச் செடி. சதைப்பற்றான இலையிலும் தண்டிலும் நீரைச் சேர்த்து வைத்திருப்பதால் ஒருநாள் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் கோபித்துக்கொள்ளாது. வெயில் நன்றாக ஏறிய பிறகு விரிந்து, பிற்பகலில் மூடிக்கொள்ளும். மேகமூட்டமான நாளில் பல பூக்கள் விரியாமலே இருந்துவிடும். அதை நோய் என்று நினைத்து மருந்து தேடாதீர்கள். விரலளவு தண்டை ஒடித்து, அடி இலைகளை உதிர்த்துவிட்டு, ஈர மண்ணில் செருகினால் ஒன்றிரண்டு வாரத்தில் வேர் விட்டுவிடும். அகலமான, ஆழம் குறைந்த தொட்டியே போதும்.

சினியாவை விதையிலிருந்து வளர்ப்பதுதான் அழகு. கால் அங்குல ஆழத்தில் விதைத்தால் ஒரு வாரத்துக்குள் முளைக்கும். இரண்டு மாதம் சுமாருக்குப் பூக்கத் தொடங்கும். நெருக்கமாக வைக்காதீர்கள். செடிகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளியாவது இல்லாவிட்டால் இலையில் வெள்ளைப் பொடி படிந்த மாதிரி சாம்பல் நோய் வரும்.

செம்பருத்தியில் ஒரு பூவின் ஆயுள் பெரும்பாலும் ஒரே நாள்தான். ஆனால் செடி நலமாக இருந்தால் மறுநாளைக்கான மொட்டு ஏற்கெனவே தயாராக நிற்கும். வாங்கும்போது பூவைப் பார்க்காதீர்கள். இலைக்கு அடியிலும், கிளை பிரியும் கவட்டிலும் பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாக ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது மாவுப்பூச்சி. அந்தச் செடி வேண்டவே வேண்டாம். உங்கள் வீட்டில் இருக்கும் மற்ற செடிகளுக்கும் அது பரவும்.

குண்டுமல்லியைப் பற்றிக் கவாத்துப் பகுதியில், அதாவது கிளைகளை வெட்டிவிடுவது பற்றிய பகுதியில், விரிவாகச் சொல்கிறேன். கோடைத் தொடக்கத்தின் ராணி அதுதான்.

இடம் அதிகம் இருப்பவர்களுக்கு இன்னும் சில. வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் விதை தூவினாலே வந்துவிடும் அளவுக்கு எளிது. சம்பங்கிக் கிழங்கை இரண்டு அங்குல ஆழத்தில் புதைத்தால் மூன்று மாதம் போலப் பூந்தண்டு வரும். அந்திமந்தாரை மாலையில் விரிந்து மறுநாள் காலை வாடும். பகல் முழுக்க வேலைக்குப் போய்விட்டு சாயங்காலம் மட்டுமே தோட்டத்துக்கு வர முடிகிறவர்களுக்கு இதைவிட நல்ல செடி கிடையாது. காகிதப்பூவில் நாம் பூ என்று பார்க்கும் வண்ணப் பகுதி உண்மையில் உருமாறிய இலை. நடுவில் இருக்கும் சின்ன வெள்ளைக் குழல்தான் பூ. அதனால்தான் அந்த நிறம் வாரக்கணக்கில் நிற்கிறது.

சூரியகாந்தி வைப்பவர்கள் இடத்தை மட்டும் யோசித்து முடிவு செய்யுங்கள். இளம் செடி பகலில் கிழக்கிலிருந்து மேற்காகச் சூரியனைத் தொடர்ந்து திரும்பும். பூ விரிந்து முற்றியதும் திரும்புவதை நிறுத்திவிட்டு, கிழக்கு பார்த்தபடி நின்றுவிடும். கிழக்கு பார்க்கும் பூ காலையில் சீக்கிரம் சூடாவதால் தேனீக்கள் அதைக் கூடுதலாக நாடுகின்றன என்று 2016இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. நமக்கு இதில் பயன் என்னவென்றால், நாம் நடமாடும் இடத்துக்கு மேற்குப் பக்கமாகச் செடியை வைத்தால் பூ நம் முகத்தைப் பார்த்து நிற்கும். மாற்றி வைத்தால் கோடை முழுக்க அதன் முதுகைத்தான் பார்க்க வேண்டும். விதையை நிலைத்த இடத்திலேயே ஊன்றுங்கள். ஆணிவேர் என்பதால் பிடுங்கி நடுவதை விரும்பாது.

மே மாதத்தில் பந்து போலச் சிவப்பாகப் பூக்கும் மே ஃபிளவரை ஃபுட்பால் லில்லி என்றும் சொல்வார்கள். ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும், பார்க்க அத்தனை அழகு. ஆனால் அதன் கிழங்கில் நஞ்சு உண்டு. அரளி முழுச்செடியும் நஞ்சு. நித்யகல்யாணியிலிருந்துதான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் எடுக்கப்படுகின்றன. அத்தனை வீரியமுள்ள செடியை யாரும் வாயில் வைக்கக் கூடாது. தவழும் குழந்தையோ, இலை மெல்லும் பூனை நாயோ வீட்டில் இருந்தால் இந்த மூன்றையும் எட்டாத இடத்தில் வையுங்கள், அல்லது வைக்காமலே இருங்கள்.

தொட்டியும் மண்ணும்

செம்பருத்திக்கும் மல்லிக்கும் 12 அங்குலத் தொட்டிக்குக் குறையக் கூடாது. சின்னத் தொட்டியில் மண் சீக்கிரம் காயும், சீக்கிரம் சுடும். கோடையில் செடி வாடுவதற்குக் காற்றின் வெப்பத்தைவிடத் தொட்டி மண்ணின் வெப்பம் பெரிய காரணம். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியின் வெளிப்புறத்தை மதியம் ஒருமுறை கையால் தொட்டுப் பாருங்கள். அந்தச் சுவரை ஒட்டித்தான் வேர்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. வெளிர்நிறத் தொட்டியோ, மண் தொட்டியோ நல்லது. மண் தொட்டி ஓரங்களில் ஈரத்தைக் கசியவிட்டுக் குளிர்ந்திருக்கும், அதற்கேற்பத் தண்ணீர் சற்றுக் கூடுதலாகக் கேட்கும். இருப்பது கறுப்புத் தொட்டிதான் என்றால் அதைச் சுற்றி ஒரு சாக்குத்துணியைக் கட்டிவிடுங்கள். பெரிய தொட்டிகளுக்கு முன்னால் சிறிய தொட்டிகளை வைத்து நிழல் தர வைப்பதும் உண்டு.

மண் கலவைக்கு ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். இரண்டு பங்கு தோட்ட மண், ஒரு பங்கு மட்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம், ஒரு பங்கு கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) என்று தொடங்குங்கள். களிமண்ணாக இருந்தால் ஒரு பங்கு ஆற்றுமணலோ, பெர்லைட் என்ற எடையில்லாத வெள்ளைத் துகளோ சேருங்கள். கலவை சரியா என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. ஈரமாக்கி ஒரு பிடி பிடித்துத் திறந்தால் உருண்டையாக நிற்க வேண்டும். கட்டை விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராவிட்டால் தண்ணீர் தேங்கும். உருண்டையே பிடிக்காவிட்டால் ஈரம் நிற்காது. பத்து மணிப்பூவுக்கும் காகிதப்பூவுக்கும் மணல் பங்கை இன்னும் கூட்டிக்கொள்ளலாம்.

நடுவது

வாங்கி வந்த அன்றே நட வேண்டாம். நர்சரியில் அது பச்சை நிழல்வலைக்குக் கீழே வளர்ந்த செடி. நேராக மொட்டை வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினால் இலைகள் வெளுத்துக் கருகும். முதல் மூன்று நாள் நிழலில், பிறகு நான்கைந்து நாள் காலை வெயில் மட்டும் படும் இடத்தில், அப்புறம் நிலையான இடத்துக்கு என்று நகர்த்துங்கள்.

நடும் வேலையைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க செடிக்கு ஆறுதல் கிடைக்கும். பையைக் கிழிப்பதற்கு அரை மணி நேரம் முன்பே தண்ணீர் ஊற்றிவிட்டால் மண்கட்டி உடையாமல் வரும். காகிதப்பூவுக்கு இது மிக முக்கியம். அதன் வேர்கள் நொய்மையானவை, மண்கட்டி சிதறினால் செடி தேறுவது கடினம். செம்பருத்தியின் வேர்கள் பைக்குள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தால் மட்டும் விரலால் லேசாகப் பிரித்துவிடுங்கள். பையில் எந்த உயரத்துக்கு மண் இருந்ததோ அதே உயரத்துக்கு நடுங்கள். தண்டை மண்ணுக்குள் ஆழமாகப் புதைத்தால் அழுகும். மண்ணின் மேல் காய்ந்த இலை, சருகு, வைக்கோல் எதையாவது இரண்டு அங்குலத்துக்கு மூடாக்காகப் பரப்பி, தண்டைச் சுற்றி இரண்டு விரல் இடம் விடுங்கள்.

தண்ணீர்

புதியவர்கள் அதிகம் கேட்பது ‘ஒரு நாளைக்கு எத்தனை முறை ஊற்ற வேண்டும்?’ என்றுதான். இதற்கு எண்ணில் பதில் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். 2015 கடைசியில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் சினியா வளர்த்தார்கள். ஈரம் மிஞ்சிப்போய்ச் சில செடிகளில் பூஞ்சணம் பிடித்தது. விசிறியின் வேகத்தைக் கூட்டியதும் இப்போது செடிகள் காயத் தொடங்கின. பூமியிலிருந்த குழு அனுப்பிய அட்டவணைப்படி தண்ணீர் விடும் நாள் இன்னும் வரவில்லை. விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி, செடியைக் கண்ணால் பார்த்து எப்போது நீர் விடுவது என்று நானே முடிவு செய்கிறேன் என்று கேட்டார், ஒப்புக்கொண்டார்கள். 2016 ஜனவரியில் அந்தச் சினியா பூத்தது. அங்கேயே அட்டவணை எடுபடவில்லை. நம் மாடியிலும் முற்றத்திலும் வெயிலும் காற்றும் தினம் ஒரு மாதிரி இருக்கும்போது எப்படி எடுபடும்?

செய்ய வேண்டியது இதுதான். காலையில் ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் தட்டுப்பட்டால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால் தொட்டியின் அடித்துளையில் தண்ணீர் எட்டிப் பார்க்கும்வரை நிதானமாக ஊற்றுங்கள். மேலோட்டமாகத் தினமும் தெளித்தால் வேர் மேல்மண்ணிலேயே நின்றுவிடும். சூடு தாக்கும் இடமும் அதுதான். ஆழமாக நனைத்தால் வேரும் ஆழத்துக்குப் போகும். மண் கட்டிதட்டி, ஊற்றிய தண்ணீர் ஓரமாக வழிந்து அப்படியே வெளியேறினால், ஊற்றி, பத்து நிமிடம் விட்டு, மறுபடி ஊற்றுங்கள்.

மதியம் இலை தொங்குவதைப் பார்த்துப் பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றுவது இந்தப் பருவத்தில் அதிகம் நடப்பது. நித்யகல்யாணியும் செம்பருத்தியும் வெயிலின் உக்கிரத்தில் இலையைச் சுருட்டி, நீரிழப்பைக் குறைத்துக்கொள்ளும். சாயங்காலம் தானாக நிமிரும். காலையிலும் இலை தொங்கினால்தான் கவலை. அப்போதும் முதலில் விரலை விட்டுப் பாருங்கள். மண் சொதசொதவென்று இருந்து இலையும் தொங்கினால் வேர் அழுகுகிறது என்று பொருள். அங்கே இன்னும் தண்ணீர் ஊற்றுவது செடியைக் கொல்லும்.

செம்பருத்திக்கு ஈரம் சீராக இருக்க வேண்டும். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக ஊற்றினால் மொட்டுகள் பழுத்து உதிரும். காகிதப்பூ இதற்கு நேர் எதிர். நன்றாகக் காயவிட்டு, இலை லேசாகச் சோரத் தொடங்கும்போது ஊற்றினால்தான் பூக்கும். தினமும் தண்ணீரும் வாராவாரம் உரமும் கொடுத்தால் இலையும் முள்ளுமாகப் படரும்.

கவாத்தும் கிள்ளுவதும்

கத்தரியைப் பார்த்தால் புதியவர்களுக்குப் பயம். வளர்ந்ததை ஏன் வெட்ட வேண்டும் என்று மனசு வராது. ஆனால் மல்லி, செம்பருத்தி, காகிதப்பூ மூன்றும் புதுத் துளிரில்தான் பூக்கின்றன. பழைய கிளை நீண்டுகொண்டே போனால் நுனியில் நான்கு பூ நிற்கும், அவ்வளவுதான்.

குண்டுமல்லியின் பெரிய கவாத்து குளிர் இருக்கும்போதே நடக்க வேண்டும். ஒரு வாரம் தண்ணீரைக் குறைத்து, தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு எல்லாக் கிளைகளையும் வெட்டி, எஞ்சிய இலைகளையும் உருவிவிடுவார்கள். மொட்டையாகத் தெரியும். பிறகு உரமிட்டு நீர் விட்டால் கணுவுக்குக் கணு துளிர் கிளம்பி, கோடை பிறக்கும்போது செடி முழுக்க மொட்டாக நிற்கும். அந்தக் காலம் தாண்டிவிட்டதென்றால், அல்லது செடியை இப்போதுதான் வாங்கியிருக்கிறீர்கள் என்றால், பெரிய வெட்டு வேண்டாம். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் அரைச் சாண் மட்டும் நறுக்குங்கள்.

எங்கே வெட்டுவது என்பதைக் கவனியுங்கள். மல்லிக் கிளையில் இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாக இருக்கும். இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தில் ஊசிமுனை போல ஒரு பச்சைப் புள்ளி தெரியும். அதுதான் அடுத்த துளிர். அந்தக் கணுவுக்குக் கால் அங்குலம் மேலே வெட்டினால் இரண்டு பக்கமும் இரண்டு கிளை வரும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் பெரும்பாலும் மூன்று மொட்டு. நடுவில் இருப்பது முதலில் விரியும், பக்கத்து இரண்டும் அடுத்தடுத்து. வெட்டும் ஒவ்வோர் இடமும் இரட்டிப்பாகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் கத்தரி மேல் இருந்த பயம் போய்விடும். ஓர் அலை பூத்து முடிந்ததும், பூத்த நுனிகளைத் திரும்பவும் நறுக்கிவிடுங்கள். சில வாரங்களில் அடுத்த அலை.

சினியா ஓர் அடிக்கும் குறைவாக இருக்கும்போதே, நான்கு ஜோடி இலை வந்ததும், நடுக்குருத்தை நகத்தால் கிள்ளிவிடுங்கள். முதல் பூ ஒரு வாரம், பத்து நாள் தள்ளிப்போகும். பதிலுக்கு ஒற்றைத் தண்டு புதராகும். வாடிய பூவை இதழாகப் பிய்க்காமல், கீழே இருக்கும் இலை ஜோடி வரை காம்போடு வெட்டுங்கள். விதை வைக்க விட்டுவிட்டால் செடி தன் வேலை முடிந்ததென்று பூப்பதைக் குறைத்துவிடும்.

உரமும் பூச்சியும்

நட்ட முதல் மாதம் உரமே வேண்டாம். பிறகு மாதம் ஒருமுறை தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரத்தை மேல்மண்ணில் கிளறிவிட்டு நீர் ஊற்றினால் போதும். தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்த உரம் இலையைத்தான் வளர்க்கும். பூவுக்குச் சாம்பல்சத்து (பொட்டாசியம்) வேண்டும். காய்ந்த மண்ணில் எந்த உரத்தையும் போடாதீர்கள், வேர் வெந்துவிடும். மல்லியில் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட் கரைத்துச் சாயங்காலம் இலையில் தெளியுங்கள்.

பூச்சிகளில் கோடைக்கே உரியது சிவப்புச் சிலந்தி. இலையின் மேல்புறம் நுண்ணிய வெளிர் புள்ளிகள் தெரிந்தால், இலையைத் திருப்பி அடியில் வெள்ளைத்தாளை வைத்துத் தட்டுங்கள். தூசி போல விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் அதுதான். வறட்சியில் பெருகும் பூச்சி என்பதால், இலையின் அடிப்புறத்தில் தண்ணீரைப் பீய்ச்சி இரண்டு நாளுக்கு ஒருமுறை கழுவினாலே பாதி கட்டுப்படும். மல்லியில் மொட்டு ஓட்டையாகிக் கருஞ்சிவப்பாக மாறினால் உள்ளே மொட்டுப்புழு இருக்கும். அந்த மொட்டுகளைப் பறித்து அழித்துவிடுங்கள், மண்ணில் போட்டு வைக்காதீர்கள். பொதுவாக எல்லாவற்றுக்கும் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு அடிக்கலாம். பகலில் அடித்தால் இலை பொசுங்கும். தேனீ வரும் நேரத்தில் எதையும் அடிக்க வேண்டாம்.

வெப்பம் 40 டிகிரியை நெருங்கும் நாட்களில் உரம், கவாத்து, தொட்டி மாற்றுவது எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். 50 சதவீத நிழல்வலையைப் பிற்பகல் வெயிலுக்கு மறைப்பாகக் கட்டி, மூடாக்கைப் புதுப்பித்து, தண்ணீரை மட்டும் கவனித்தால் போதும். பூ குறையும், வெப்பம் தணிந்ததும் மல்லியும் செம்பருத்தியும் தானாக மறுபடி துளிர்க்கும். சினியாவும் வாடாமல்லியும் ஓர் ஆண்டுக்குள் முடிந்துவிடும் செடிகள் என்பதால், நன்றாகப் பூத்த செடியில் இரண்டு மூன்று பூக்களை வெட்டாமல் விட்டு, பழுப்பாகக் காய்ந்த பிறகு எடுத்து, காகித உறையில் போட்டு, பெயரும் மாதமும் எழுதி வையுங்கள். அந்திமந்தாரையின் கறுப்பு விதை செடியடியிலேயே உதிர்ந்து கிடக்கும். குழந்தைகள் கைக்கு எட்டும் முன் பொறுக்கிவிடுங்கள், அதுவும் நஞ்சுதான்.